எஞ்சின் எந்தப் பக்கம்

அக்கா: பழைய பிக்கப் மாதிரியே ஒண்ணு போதும்டா. லாரி வாங்கி என்ன, யானையையா இழுக்கப் போறோம்?

தம்பி: போதாதுக்கா. பழசு கவுந்ததை மறந்துட்டியா?

அக்கா: கவுத்தது வண்டியா? ஓட்டின உன் மச்சான். வேகமாப் போனார்னு நீதானே சொன்னே, பக்கத்துல உக்காந்திருந்தவன்.

தம்பி: சொன்னேன்... அதுக்காக...

தரகர்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கம்மா. என் இடத்துல நின்னு சண்டை போட்டா வர்றவங்களும் போயிடுவாங்க. என்ன எடை இழுக்கணும்? அதைச் சொல்லுங்க, வண்டியை நான் சொல்றேன்.

அக்கா: டிரெய்லர் அறுநூறு கிலோ. மேல ஏத்துற கார் ஆயிரத்து அறுநூறு.

தரகர்: ஆக ரெண்டாயிரத்து இருநூறு. இழுக்கிற வண்டி அதைவிடக் கனமா இருக்கணும். இல்லேன்னா இறக்கத்துல பின்னால இருக்கறது முன்னால இருக்கறதைத் தள்ளிக்கிட்டுப் போகும். உங்க பழைய பிக்கப் என்ன எடை?

அக்கா: ரெண்டாயிரத்து நானூறு.

தரகர்: அப்ப எடையில குறை இல்லையே. பிரேக்?

தம்பி: டிரெய்லர்லயும் பிரேக் இருந்துது. லாரியைக் காட்டுங்கண்ணே, நேரமாகுது.

அக்கா: உனக்கு என்னடா அவசரம்? ஓட்டப் போறவன் நீயா?

தம்பி: மச்சான்தான் ஓட்டுவார். கை சரியாயிடுச்சு. பெரிய வண்டியா இருந்தா அவருக்கும் தைரியம் வரும்.

அக்கா: அவர் ஓட்ட மாட்டார். திங்கட்கிழமையிலேருந்து வேற டிரைவர் வர்றான்.

தம்பி: என்னக்கா சொல்றே?

அக்கா: காதுல விழலையா?

தம்பி: அவர்கிட்ட சொல்லிட்டியா?

அக்கா: சொல்லணுமா? எட்டு மாசமா ஒரு வார்த்தை சொன்னாரா, ஏன் அவ்வளவு வேகம்னு? கேட்டா சுவத்தைப் பாக்கறார். ஊரான் கார் நசுங்கிப் போச்சு. நீ பிழைச்சதே பெரிசு. இனி அவர் கையில ஸ்டீயரிங் கொடுக்க மாட்டேன்.

தம்பி: இருபது வருஷமா வேற வேலையே தெரியாத மனுஷன்கா...

அக்கா: தெரிஞ்ச வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கணும்.

தரகர்: அம்மா, நடுவுல பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க. எப்படிக் கவுந்துது? ஒரே இழுப்பா சாஞ்சுதா, இல்ல ஆடி ஆடிச் சாஞ்சுதா?

அக்கா: இவனைக் கேளுங்க.

தம்பி: ஆடிச்சு. முதல்ல லேசா. அப்புறம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்... வாலை ஆட்டற மாதிரி.

தரகர்: என்ன வேகம்?

தம்பி: எழுபது.

அக்கா: எழுபதா? நூறைத் தாண்டிட்டார்னு சொன்னியேடா.

தம்பி: லாரியைப் பாக்கலாம் வாக்கா.

தரகர்: நான் நினைச்சது சரிதான். காரை எப்படி ஏத்தியிருந்தீங்க? எஞ்சின் இழுக்கிற வண்டிப் பக்கமா, பின்பக்கமா?

தம்பி: அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?

தரகர்: அதுதான் தம்பி முக்கியம். கார்ல கனமே எஞ்சின்தான். அது முன்னால இருந்தா, டிரெய்லரை வண்டியோட மாட்டற கொக்கி மேல எடை அழுந்தும், டிரெய்லர் சொன்னபடி வரும். பின்னால போச்சுன்னா கொக்கி தூக்கிக்கும், டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா நிக்காது. லாரி வாங்கினாலும் அப்படி ஏத்தினா ஆடத்தான் செய்யும்.

அக்கா: டேய். என்னைப் பாரு. அன்னிக்கு எந்தப் பக்கம்?

தம்பி: அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.

அக்கா: இங்கேயே சொல்லு.

தம்பி: ...பின்பக்கம். ரிவர்ஸ்ல ஏத்தினேன்.

அக்கா: யாரு?

தம்பி: நான்தான். மச்சான் டீசல் போடப் போயிருந்தார். வந்து பார்த்துட்டு, மாத்தி ஏத்துடான்னார். நேரமில்ல, மெதுவாப் போயிடலாம்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்.

அக்கா: பாவி. எட்டு மாசம். அந்த மனுஷனை வாசல்ல வச்சு, சாப்பாட்டுத் தட்டு முன்னால வச்சு, என்ன என்ன பேசியிருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே. சோறு எப்படிடா இறங்குச்சு?

தம்பி: இறங்கல.

அக்கா: நூறுல போனார்னு வாய் கூசாம சொன்னே.

தம்பி: அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்.

அக்கா: பொய் மேல பொய் சொல்லாதே. அறைஞ்சிடுவேன்.

தம்பி: அறைஞ்சுக்கோ. ஆனா அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில, கைக்குக் கட்டுப் போடறதுக்கு முன்னாடியே.

அக்கா: உன் மேல அவ்வளவு பாசமா அவருக்கு? உன்னைக் காப்பாத்தறதுக்கு என் வாயில விழுந்து கிடந்தாரா?

தம்பி: என்னைக் காப்பாத்த இல்லக்கா.

அக்கா: பின்னே?

தம்பி: அன்னிக்குக் காலையில போன்ல என்கிட்ட என்ன சொன்னே?

அக்கா: என்ன சொன்னேன்? எத்தனை மணிக்குக் கிளம்பறீங்கன்னு கேட்டேன். கார்க்காரங்க வீட்டுச் சந்து குறுகல், ரிவர்ஸ் எடுக்க முடியாதாம், போனதும் கார் நேரா இறங்கற மாதிரி திருப்பி... திருப்பி ஏத்து...

தரகர்: உக்காருங்கம்மா. இந்தாங்க நாற்காலி.

அக்கா: எனக்குத் தெரியாதேடா. எந்தப் பக்கம் ஏத்தினா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: அதையேதான் மச்சானும் சொன்னார். 'அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, இனி போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லவே பயப்படுவா. கவுத்தவன்னு பேர் எனக்கே இருந்துட்டுப் போகட்டும்'னு.