சிவப்புக் கட்டம்

எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது, டீச்சர். சின்னவளுக்கு ஆறு வயது. பேச்சு வராது, கால் இரண்டும் விறைப்பு. ஆனால் குறும்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் அப்பா தும்மினால் போதும், விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தப் பேசும் பலகையை உங்கள் பொம்மை நூலகத்திலிருந்து நீங்கள்தான் கொடுத்தீர்கள். படத்தை அழுத்தினால் நாம் பதிந்துவைத்த குரல் பேசும். பெரியவள் குரல் கொடுத்தாள். தண்ணீர், பாட்டு, அப்பா என்று ஒவ்வொன்றையும் ராகம் போட்டுச் சொன்னாள். சிவப்புக் கட்டத்துக்கு மட்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "வேணாம்."

சின்னவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. குளிக்கக் கூப்பிட்டால் வேணாம். மருந்தா, வேணாம். என் தங்கை முத்தம் கொடுக்கக் குனிந்தால் அதற்கும் வேணாம். "அக்கா, உன் பொண்ணு என்னை வாசலோட அனுப்பிடுவா போல" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது. ஒரு சொல் வராதா என்று அத்தனை வருடம் ஏங்கியவள் நான். வந்த சொல் என் முகத்தில் அடித்தால் வலிக்காதா?

அதனால் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். "கண்ணு, சரிம்மான்னு ஒரு தடவை அழகாச் சொல்லு" என்று பெரியவளிடம் கேட்டு, அதைச் சிவப்புக் கட்டத்தில் பதிந்தேன். படத்தை மாற்றவில்லை. அது அவளுக்குப் பழகிய படம், பாவம். நீங்கள் மாற்றிக் கொடுத்ததாக அவள் அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

முதல் நாள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் அடித்தாள். சரிம்மா, சரிம்மா, சரிம்மா. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு தடவை சொன்னா போதும்டா தங்கம்" என்றார். பெரியவள் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனாள். தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சம்.

வீடு அமைதியானது. மருந்து நேரத்துக்கு உள்ளே போனது. தங்கைக்கு முத்தம் கிடைத்தது.

பிறகு காலை நேராக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறை வந்தது. "மாட்டலாமா செல்லம்?" சரிம்மா. "கொஞ்சம் இறுக்கட்டுமா?" சரிம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது உண்மைதான். புதுச் செருப்பே நம்மைக் கடிக்கிறதே. தினமும் கழற்றச் சொன்னார் டாக்டர். கழற்றாமல் இருந்தால் சீக்கிரம் நடப்பாள் என்று நானாகத்தான் விட்டுவைத்தேன். குளிக்கும்போது உறைக்கு மேல் பை கட்டிவிடுவேன், அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அப்போதும் பலகையை விடாமல் அழுத்துவாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று பூரித்துப்போவேன்.

இன்று நீங்கள் உறையைக் கழற்றியபோதுதான் குதிகாலை நானும் பார்த்தேன். புண் அவ்வளவு ஆழமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நீங்கள் சிவப்புக் கட்டத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதை யாரு மாத்தினது?" என்று கேட்டீர்கள்.

நான்தான். மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், டீச்சர். அவளைக் கேட்காமல் நான் எதையுமே செய்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அவள்தான் சரிம்மா என்றாள்.