முகவரியின் இரண்டாம் வரி

பெயர்: கமலநாதன் த/பெ சபாபதி. வயது: 54. இருப்பிடம்: சுங்கை வே. தொழில்: கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் டேட்டாபேஸ் பொறுப்பாளர். யாரும் தூண்டாமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

எங்கள் நோயாளிகளின் பதிவுகள் பத்தொன்பது ஆண்டுகளாக அட்டவணை முறை டேட்டாபேஸில் இருந்தன. அதில் ஒவ்வாமைக்கு ஒரே கட்டம், அதில் ஒன்றைத்தான் எழுத முடியும். கூடுதல் கட்டம் சேர்த்தால் எல்லாத் திரைகளையும் மாற்ற வேண்டும் என்பதால் நான் தட்டிக்கழித்து வந்தேன். கடந்த மார்ச்சில் மேலாளர் சிவநேசன், புதுவகை டேட்டாபேஸ் விற்கும் பிரவினை அழைத்து வந்தார். "இப்ப யாருண்ணே டேபிள் வாங்குறா? இதுல கட்டமே இல்ல லா" என்றார் பிரவின். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் நான் அல்ல. அவர் சிரித்த சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு, புதியதற்கு மாற்றத் தேவையில்லாத கட்டங்களின் பட்டியல் ஒன்றைப் பிரவின் நீட்ட, நான் கையெழுத்திட்டேன். அதன் பிறகு பழையதை அழிக்கும்படி சிவநேசன் இருமுறை சொன்னார். அந்த அவசரம் சந்தேகத்தைத் தந்ததால், விதியை மீறி ஒரு பிரதி எடுத்து வீட்டில் அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

ஜூன் 9 காலை, சாலாக் செலாத்தானைச் சேர்ந்த தம்புசாமி காலில் புண்ணோடு காய்ச்சல் மயக்கத்தில் கொண்டுவரப்பட்டார். திரையில் நண்டு ஒவ்வாமை மட்டும் இருந்ததால் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. மூச்சுத் திணறியவர் இன்னும் கண் திறக்கவில்லை. பெனிசிலின் ஆகாது என்று முன்பே பதிவு செய்யச் சொன்னதாக அவர் மனைவி இராஜம்மா கூறினார். அதை முகவரியில் எழுதியதாகப் பதிவு எழுத்தர் கெர்ட்ரூட் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் நம்பவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு சிவநேசன் என்னைத் தனியே அழைத்து, "கெர்ட்ரூட் அம்மா எழுதவே இல்லண்ணே, அவ்ளோதான்" என்றார். நான் எதுவும் கேட்காதபோது அவர் ஏன் சொல்ல வேண்டும்? வீட்டுக்குப் போய்ப் பிரதியைத் திறந்தேன். தம்புசாமியின் முகவரியில், இரண்டாம் வரியில், பெனிசிலின் கூடாது என்று இருந்தது. அதுபோல் இன்னும் 312 பேர்.

நான் கையெழுத்திட்ட பட்டியலில் மூன்றாவதாக இருந்தது அந்த வரிதான். எல்லோரையும் சந்தேகித்த நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் கூடுதல் கட்டம் கேட்டு வந்த கெர்ட்ரூட்டிடம், "எடம் இருக்குற எடத்துல எழுதிக்குங்க" என்று சொன்னவனும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

பிரதியை இத்துடன் ஒப்படைக்கிறேன். எழுதியது படித்துக் காட்டப்பட்டது. அனைத்தும் உண்மை, திருத்த ஒன்றுமில்லை. என்னை விசாரிப்பதற்கு முன் அந்த 312 பேருக்கும் தகவல் போக வேண்டும்.

(ஒப்பம்) கமலநாதன்