முந்தி மழித்த தலை

மழைக்காலத் தவம் முடிந்து பிக்குகளுக்குப் புதுச் சீவர ஆடை அளிக்கும் இந்நன்னாளில், அவைக்குத் தலைமை தாங்கி அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் எங்கள் விகாரைத் தலைவர் கோவித பிக்கு அவர்களே, வெள்ளிமுடி சூடிய ஊர்ப் பெரியவர்களே, விடியுமுன் எழுந்து மீன்சாற்றில் மொஹிங்கா காய்ச்சி வைத்துவிட்டு, 'இவன் எப்போ முடிப்பான், எப்போ பரிமாறுறது' என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, ஐராவதியின் இருகரை மக்களே, தோணிக்காரன் ஞோ மாங்கின் பணிவான வணக்கம்.

புத்த நெறியைப் பற்றி இளையவர்களுக்குச் சொல் என்று பணித்தார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதிலும் மூன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம். ஏடறியேன், எழுத்தறியேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலம் அறிவேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நனைகிறது.

அரசகுமாரன் ஒருவன் அரண்மனை துறந்தான், அரசமரத்தடியில் அமர்ந்தான், ஆசையே அல்லலின் வேர் என்று அறிந்தான். புத்தரான அவரிடம் துறவு கேட்டு உறவுக்கார இளவரசர்கள் வந்தார்கள். கூடவே அவர்களுக்கு முடிதிருத்தும் உபாலியும் வந்தார். இளவரசர்கள் என்ன கேட்டார்கள்? 'உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள். நாங்கள் அவரை வணங்கி எங்கள் செருக்கு ஒழியட்டும்' என்றார்கள். ஏன்? சங்கத்தில் மூப்பு வயதிலா? இல்லை. குலத்திலா? இல்லை. ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் முந்தித் துறவு பூண்டாலும் அவரே மூத்தவர்.

இவ்வளவு பெரிய செய்தி என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? 'முந்துடா ஞோ மாங்' என்று விழுந்தது.

மழைக்காலம் மட்டும் துறவு பூண்டு திரும்புவது எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம்; அந்த வருஷம் என்னோடு அப்படி வந்தவர் மாட்டுவண்டி ஓன் பே. என்னைவிட ஏழு வயது மூத்தவர். பேச்சு திக்கும். தண்ணீர்த் திருவிழா மேடையில் அந்தத் திக்கலை வைத்துப் பாட்டுக் கட்டியவன் நான். ஊரே பாடியது, ஊரே சிரித்தது. முன்வரிசையில் தலைகுனியும் பெரியவரே, தாளம் போட்டது நீங்கள்தான், மறக்கவில்லை. அன்றோடு ஓன் பே வாய் மூடினார். ஆறு வருஷம். என் தோணியில் ஏறுவார். "எங்கண்ணே போகணும்?" என்றால் விரலை நீட்டுவார்.

ஓடினேன். மழிக்க முதலில் தலையை நீட்டினேன். மூத்தவனானேன். மூன்று மாதம் அவர் என் பின்னால் பாத்திரம் ஏந்தி நடந்தார், என்னை வணங்கினார். நண்பகலுக்குப் பின் சோறில்லாத பசியை அந்தக் காட்சியால் ஆற்றிக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் குனிங்கண்ணே, தரை தூசியா கிடக்கு, நெத்தியால துடைச்சிருங்க" என்பேன். குனிவார். முகம் சுளிக்கமாட்டார்.

கடைசி நாள் வந்தது. அன்று ஒவ்வொரு பிக்குவும் மண்டியிட்டு, 'என்னிடம் குற்றம் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், ஐயுற்றிருந்தாலும் இரக்கத்தோடு சொல்லுங்கள், திருந்துகிறேன்' என்று சங்கத்தைக் கேட்க வேண்டும். யார் முந்தி? மூத்தவர் முந்தி. பெரிய பிக்குகள் முடித்ததும் அடுத்த முறை என்னுடையது. முந்தி மழித்த தலை முந்திக் குனிந்தது.

வழக்கமாக யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஓன் பே வாயைத் திறந்தார்.

உதடு துடித்தது, சொல் வரவில்லை. கூரையில் மழை. என் முதுகில் வேர்வை. ஒன்பது பேர் காத்திருந்தோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அ... அந்தப் பாட்டுல," என்றார், "ரெ... ரெண்டாவது அடி தாளத்துக்கு ஒத்து வரலடா."

முதலில் சிரித்தவர் அன்றைய தலைவர். பிறகு ஓன் பே. நான் சிரிக்கவில்லை. தரைத் தூசியை நெற்றியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"பா... பாட்டையா, உன்னையா?"

மறுவாரமே நான் சீவரம் களைந்து துடுப்பைப் பிடித்தேன். பசி அப்படி. அவர் களையவில்லை. இளையவர்களே, அந்த ஓன் பேதான் இதோ தலைமையில் வீற்றிருக்கும் கோவித பிக்கு. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னேன். "தா... தாராளமா சொல்லு, பாடிடாத" என்றார்.

அடுத்து அவர் அறவுரை. சொல் மெதுவாகத்தான் வரும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இந்த ஊர் மூச்சடக்கிக் காத்திருக்குமே, அந்த இடைவெளியில் கற்றதுதான் நான் கற்ற நெறி. தாய்மார்களே, மொஹிங்கா ஆறினால் ஆறட்டும். இதுவரை பொறுத்ததற்கு நன்றி. அவர் பாதம் வணங்கி, உங்கள் அனைவரையும் வணங்கி, இன்று ஒருநாளாவது பிந்தி நிற்கிறேன்.