சந்து அடைத்த ஜீப்

மாஹிம் ஸ்டேஷனில் ரயில் ஏறிய இருவர் எனக்கெதிரே உட்கார்ந்தார்கள். இளையவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“எங்க சந்துச் சனமே என் ஜீப்புல ஏறி எறங்கித்தான் தண்ணிக்குப் போவுது, அண்ணாச்சி.”

“என்னல சொல்லுத?”

“சின்னதுலருந்து ஆசப்பட்டு, மிலிட்டரி ஏலத்துல எடுத்த பழசு. ரோட்டுல விட்டா டயரக் கழத்திருவானுவ. சந்துக்குள்ள விட்டேன், சொவத்துக்குச் சொவரு அடச்சிட்டு. முன்கண்ணாடிய மடக்கிப் போட்டிருக்கேன். கொடத்தோட ஏறி, பின்னால எறங்குதாவ.”

“எவளாவது விழுந்தா அவ புருசன் ஒன்னைய விடமாட்டாம்ல. வித்துத் தொல.”



“விக்க ஆளு பாக்கத்தான் கெளம்புனேன். நேத்து வரைக்கும் ஏசுன எம்பொஞ்சாதி, இன்னைக்குக் காலைல கொடத்த எறக்கி வச்சிட்டு, ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா, அண்ணாச்சி.”

அடுத்த ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் இளையவர் குதித்து, மாஹிமுக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்க எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடினார்.