படம் என்று மட்டும் சொன்ன போன்

– அதான் வந்துட்டேன்ல டீச்சர், கதவை உடைச்சிடாதே!

– காலையிலேருந்து உங்க வீட்டுக் கதவைத் தட்டுறேன் அக்கா. எங்க போனீங்க?

– ஊர் வம்பு எனக்கெதுக்கு? எதிர்வீட்டு மருமக பெட்டியோட கிளம்பினா. வழியனுப்பப் போனேன். போனதுதான் போனோம், காரணம் தெரியாம எப்படித் திரும்புறது, சொல்லு?

– இந்த போனைக் கொஞ்சம் பாருங்களேன். ஆஸ்பத்திரியிலேருந்து மூணு மெசேஜ் வந்திருக்கு. எழுத்தா இருந்தா போனே எனக்குப் படிச்சுக் காட்டிடும், கண்ணு வேண்டியதில்ல. இவங்க படமா அனுப்புறாங்க. ‘படம்’னு மட்டும் சொல்லிட்டு அது வாயை மூடிக்குது.

– உன் வீட்டுக்காரருக்கு நேத்துதானே நெஞ்சுல ஆபரேஷன்? கூடவே இருக்க வேண்டியதுதானே?

– உள்ள விடமாட்டோம், வீட்டுக்குப் போங்க, நிலவரம் போன்லயே வரும்னுட்டாங்க. கூப்பிட்டா மெஷின் பேசுது: ‘எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்.’ நான் பார்க்கணுமாம்!

– அது யார் செஞ்ச வெப்சைட் தெரியுமா? என் மாப்பிள்ளை! அதுலேருந்து போனுக்குப் பச்சைக் கட்டம் வந்தா ஆள் நல்லா இருக்காங்க. மஞ்சள்னா கவனிச்சிட்டிருக்காங்க. சிவப்புன்னா சொந்தக்காரங்க உடனே ஓடி வரணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்னு அவருக்குப் பெருமை தாங்கல.

– அவருக்குத்தான் மெயில் போட்டேன், கூடவே ரெண்டு வரி எழுத்தும் போடுங்கன்னு.

– சொன்னாரு. ‘பார்வை இல்லாதவங்க எத்தனை பேர் வரப்போறாங்க அத்தை’ன்னு சிரிச்சாரு. நானும் கூடச் சேர்ந்து... சரி விடு, போனைக் குடு.

– படிங்க அக்கா.

– முதல்ல ரோஜாப்பூ. சிவப்பும் இல்ல, ரோஸும் இல்ல, நடுவுல ஒரு கலர். இதழ் நுனியில பனித்துளி நிக்குது. கீழே ‘விரைவில் குணமடைய வாழ்த்துகள்’. என் மாப்பிள்ளை ரசனையே ரசனை!

– அடுத்தது?

– விளம்பரம். உடம்பு முழுக்கப் பரிசோதனை பண்ணிக்கலாமாம். ஒரு டாக்டரம்மா பல்லெல்லாம் தெரியச் சிரிக்குது. கம்மல் மட்டும் நல்லா இருக்கு. புருவத்தைத்தான் ஓவரா இழுத்துட்டா...

– அக்கா, மூணாவது.

– இரு, தள்ளிப் பார்க்கிறேன்.

– என்ன போட்டிருக்கு?

– கண்ணாடியை எங்க வச்சேனோ.

– மூக்கு மேலதான் இருக்கும். பனித்துளி தெரிஞ்சுதே.

– இது எப்ப வந்துச்சு டீச்சர்?

– காலையில. உடனே உங்க கதவைத்தான் தட்டினேன். என்ன நிறம் அக்கா?

– பச்சை.

– நல்ல சேதியை நீங்க என்னிக்கு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கீங்க? ஆட்டோவைக் கூப்பிடுங்க அக்கா.