நம்பர் சொன்ன கரை

— அனிஷாக்கா, சுக்கானத் திருப்பாத! கம்பத்துல மாட்டுன திசைப்பெட்டி சரியாத்தான் காட்டுது. இப்படியே போனா கரை வந்துரும்.

— எங்கனலே கரை? மழையில முயல் தீவும் தெரியல, துறைமுகத்து விளக்கும் தெரியல. கோச் சாரோட மோட்டார் படகு எங்க போச்சு?

— நம்மளத் தேடிக்கிட்டுத்தான் இருப்பாரு. நீ பதறாத.

— ஜெஸ்டின், பாயப் பாருலே. படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. கயித்த இன்னும் இழு.

— பெட்டி இழுக்கச் சொல்லலியே! காத்து வார திசைய காலையிலேயே அதுல பதிச்சுட்டேன். படகு எங்கன திரும்புனாலும் அதுவே கணக்குப் போட்டு, கயித்த இழு, விடுன்னு நம்பர் காட்டும். அதக் கேட்டுக் கேட்டுத்தான நம்ம வேகமே கூடுச்சு? நாளைக்குப் பாய்மரப் போட்டியில...

— போட்டியத் தூக்கிக் கடல்ல போடு! கப்பல் ஊதுதுலே, கேக்கலியா?

— கேக்கு.

— கரைக்குப் போனா அது பின்னாலல்லா கேக்கணும்? முன்னால கேக்கு! பெட்டி தப்பாக் காட்டுதோ?

— காட்டாது. பக்கத்துல இரும்போ காந்தமோ இருந்தாத்தான் அதுல திசை கெடும். என் கத்தியக்கூட கரையிலதான் வச்சிட்டு வந்தேன்.

— காந்தமா? சேசுவே... ஏலே, என்னத் திட்டாத.

— என்னக்கா?

— போன வாரம் படகு கவுந்து, நீ பாய்க்கு அடியில மாட்டுனேல்லா? உன் தலை மேல வாரதுக்குள்ள எனக்கு உசுரே போயிட்டு. அன்னையிலேருந்து கண்ண மூடுனா அதுதான் வருது. அதான், அப்பா கார்ல ஒட்டியிருந்த மாதாவ எடுத்து, பெட்டிக்கு அடியில வச்சு டேப்பு சுத்திட்டேன்.

— அடியில காந்தம் வச்ச மாதாவையா?

— காந்தம்னு நெனக்கவே இல்லலே. மாதான்னுதான் நெனச்சேன்.

— படிச்ச பிள்ளையாக்கா நீ? எடு, பிச்சு எடு!

— எடுத்துட்டேன். எங்க வைக்க?

— உன் பையில போட்டுக்கிட்டு பின்னால தள்ளிப் போ. நம்பர் ஓடுது பாரு... ஐயோ, நாம கப்பல் வழிக்குள்ளல்லா போயிட்டிருக்கோம்! திருப்பு! தலையக் குனி!

— அந்தா வருதுலே! சேசுவே, எம்புட்டுப் பெருசு! நம்மளப் பாத்திருப்பானா?

— மேல நிக்கவனுக்கு நாம எங்க தெரிவோம்? சுக்கான விட்டுராத. அலை வருது, பிடி!

— போயிட்டுலே. போயிட்டு.

— இனி பயமில்ல. பெட்டி மேற்கு காட்டுது, நேரா கரைதான். சாமியெல்லாம் வீட்டுல இருக்கணும்க்கா. படகுல நம்பர் மட்டுந்தான்.

— சரிலே. நீ சொல்லுத மாதிரியே ஓட்டுதேன்... பாய் ஏன் இன்னமும் அடிக்கு?

— மழைக்காத்து அப்படித்தான் இருக்கும்.

— அதே கப்பல் மறுபடியும் ஊதுது. இப்பவும் முன்னாலதான் கேக்கு. ஜெஸ்டின், மாதாவ எடுத்தாச்சுல்லா?

— ம்.

— பெறவு ஏன் உன் மொகம் இப்படிச் செத்துப் போச்சு? வாயத் தொறந்து சொல்லுலே!

— அக்கா... கொஞ்சம் தள்ளி வச்சா காந்தம் ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சு, கம்பத்துக்குப் பின்னால நானும் ஒரு அந்தோனியார ஒட்டியிருக்கேன்.