சிரிப்புச் சத்தத்தில் நோயைக் கேட்டவர்

அவைத் தலைவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும், மறைந்த எங்கள் சிரிப்பு டாக்டரின் கணவர் அவர்களே! செவிலியச் சகோதரிகளே! கைக்குழந்தைகளோடு வந்து இந்த அரங்கையே பிரசவ வார்டாக்கிவிட்ட தாய்மார்களே! மயக்க மருந்து கொடுப்பவனின் வணக்கம். பயப்படாதீர்கள், பேசி யாரையும் தூங்க வைக்க மாட்டேன்.

மகப்பேறு மருத்துவத் துறைத் தலைவராக இருந்த நம் சிரிப்பு டாக்டர் ஏன் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஜோக் அடித்தார்? பொழுது போகாமலா? இல்லை!

புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு மருந்தினம். பெயர்தான் வாயில் நுழையாது; நம் உடம்பே சுரக்கும் பொருள்தான். வலி வராத தாய்க்கு ஜெல்லாக வைத்தால் கருப்பை வாய் இளகிக் குழந்தைக்கு வழி திறக்கும். பிறந்தபின் உதிரம் நிற்காவிட்டால், அதே இனத்து ஊசி கருப்பையை இறுக்கி உயிரைக் காக்கும். ஆனால் ஆஸ்துமா இருந்தால் அந்த ஊசி மூச்சுக்குழலையும் சேர்த்து இறுக்கிவிடும்!

ஆஸ்துமா உண்டா என்று கேட்டால் போதாதா? மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகள் உண்டு என்பாள்?

ஒருநாள் வலியோடு ஒரு பெண் வந்தார். "எங்க மருமகளுக்குத் தும்மல்கூட வராது" என்றார் மாமியார். நம் டாக்டர் அந்தப் பெண்ணிடம் குனிந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பல்வலிம்மா. பிரசவ வலியெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லேன்னார். சரி, அடுத்த வலிக்கு நல்லா முக்குங்கன்னேன்!"

கணவர் மன்னிக்க வேண்டும். அந்தப் பெண் வலியிலும் சிரித்தார். சிரிப்பின் முடிவில் மெல்லிய விசில் சத்தம்! உடனே டாக்டர் மாமியாரைப் போர்வை எடுத்துவர அனுப்பினார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"சொல்லு கண்ணு, இழுப்பு உண்டா?"

"உண்டு டாக்டர். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரூம்ல வேலை செய்யறவங்களுக்குத் தெரியணும்."

பெண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. முதல் மருந்துக்கு அடங்கவில்லை. என்ன செய்தோம்? அந்த ஊசியை யாரும் தொடவில்லை! அதே இனத்தில் மூச்சை இறுக்காத மாத்திரை தயாராக இருந்தது. நம் டாக்டர் கருப்பையை அழுத்திப் பிடித்தபடியே நின்றார். உதிரம் அடங்கியது. அன்று எனக்குக் கண் கலங்கியது, இன்றும் கலங்குகிறது.

தோழர்களே! இனி ஒவ்வொரு தாயிடமும் தனியாகக் கேட்போம், காது கொடுத்துக் கேட்போம் என உறுதி ஏற்போம். ஜோக் சுமாராக இருந்தால் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று அந்தப் பெண் வந்திருந்தார். இப்போது இரண்டாவது குழந்தைக்கு ஏழாம் மாதம். "இனிமே எனக்கு யாரு டாக்டர்?" என்று அழுதார்.

நாங்க எல்லாரும்தாம்மா. தைரியமா வாங்க.